டிரைவருக்குத் தெரியும்

முதல் போன் வந்தபோது அப்பா வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பையனுக்குக் காய்ச்சலாம், இன்றைக்கு வர மாட்டானாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்பா துணியைப் பிழிந்தார். அடுத்த போனில் யாரோ ஒரு சித்தப்பா வெளியூரிலிருந்து வந்திருந்தார். குழந்தையை அவரே காரில் கொண்டுபோய் விடப்போகிறாராம். அதற்கும் சரி என்றார். அதற்கடுத்த போனில் காய்ச்சலும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. இனிமேல் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றது ஓர் ஆண்குரல். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டது.

அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கோளாறு அதில்தான் இருக்கிறது என்பதுபோல. பிறகு வாசலில் டீ டம்ளரோடு நின்ற மகளைப் பார்த்தார்.

"ஸ்கூல்ல ஏதாவது பரவுதாம்மா?"

பரவியதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் இல்லை, போனில். அந்தக் கிருமியைப் பெற்றுப்போட்டவள் அவள்தான்.

திரைப்படக் கல்லூரியில் கடைசி வருஷம். அதையும் ஒருமுறை கோட்டை விட்டுவிட்டு மறுபடி அதே வருஷத்தில் உட்கார்ந்திருப்பவள். இந்தத் தடவை டிப்ளமா படம் தேறவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதனால் அவள் மற்ற எல்லாரையும்போலக் காதல் கதை எடுக்காமல் ஒரு திரில்லரை எடுத்தாள். கதைக்கு எங்கேயும் அலையவில்லை. வீட்டிலேயே இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அவள் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் வாய்த்தகராறு. பெரியவன் படிப்பை விட்டுவிட்டான் என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. வீட்டை விட்டே போகிறேன் என்றான் அவன். போறதுன்னா போ, நானே கொண்டுவந்து விடறேன் என்றார் இவர். பையோடு ஏறியவனை இதே வேனில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. போன் அணைந்தது அணைந்ததுதான். போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, போனது. கடைசியாக அவனைப் பார்த்தது யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதில் தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது.

திரில்லர் என்றால் சில சட்டங்கள் உண்டு. முதலில் யார்மேல் சந்தேகம் விழுகிறதோ அவன் ஒருக்காலும் குற்றவாளியாக இருக்க மாட்டான். பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே ஏமாற வருவார்கள். அவள் போட்ட திட்டமும் அதுதான். முதல் பாதியில் எல்லாச் சட்டத்தையும் அட்சரம் பிசகாமல் மதித்து, காணாமல்போன பையனின் தகப்பனை வில்லனாகவே காட்டிவிடுவது. பின்பாதியில் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்து, இவ்வளவு நேரம் ஒரு அப்பாவியைக் கழுவில் ஏற்றினீர்களே என்று பார்த்தவர்களைக் கூனிக்குறுக வைப்பது. தகப்பன் வேஷத்துக்கு அப்பாவையே போட்டாள். அவர் மறுக்கவில்லை. மகள் தேற வேண்டுமே.

முதல் பாதி முடிந்துவிட்டது. பின்பாதியை எப்படி எடுப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த இடைவெளியில் நுழைந்தவன் கத்திரி. அவளுடைய எடிட்டர், வகுப்பில் யாரும் அவனை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. துறையில் நடக்கும் டிரெய்லர் போட்டிக்கு நாள் நெருங்கிவிட்டதென்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இருந்ததை வைத்து ஒரு டிரெய்லரை வெட்டி ஏற்றிவிட்டான். சுவரில் பெரியவனின் போட்டோ. வேன் கதவு இழுபட்டு மூடுகிறது. உள்ளே இருட்டு. ஒரு டார்ச் வெளிச்சம் சீட்டுகளுக்கு அடியில் ஊர்ந்து போகிறது. கீழேயிருந்து வெளிச்சம் பட்ட அப்பாவின் முகம். ஈரத்துணி ஒரு சீட்டை அழுத்தி அழுத்தித் துடைக்கிறது. வாளித் தண்ணீர் பழுப்பாகிறது. அப்பா நிமிர்ந்து நம்மையே பார்க்கிறார். திடும் திடும் என்று ஒரு இதயத் துடிப்பு. கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: டிரைவருக்குத் தெரியும்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதும் கடைசி சீட்டுவரை போய்க் குனிந்து பார்ப்பது வேன் ஓட்டுகிறவர்களின் வழக்கம். எல்கேஜி குழந்தைகள் தூங்கிக் கீழே சரிந்துவிடும். கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போனால், வெயிலில் நிற்கும் வேனுக்குள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா ஒருநாளும் பார்க்காமல் பூட்டியது கிடையாது. அதைத்தான் அவள் படம்பிடித்திருந்தாள். அதே மனிதர், அதே டார்ச். கேமராவை மட்டும் இடுப்புக்குக் கீழே இறக்கி, ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தாள்.

போன்கள் வந்த அன்று காலை வேனில் ஏறியது ஒரே வீட்டு அக்கா தம்பி இரண்டு பேர் மட்டும். அவர்கள் வீட்டில் யாரும் இன்னும் போனைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அவள் கல்லூரிக்கு ஓடினாள். எடிட்டிங் அறையில் கத்திரி நாற்காலியில் சுழன்றுகொண்டிருந்தான். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் தெரியுமா டைரக்டரே என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்துச் சுழல்வதை நிறுத்தினான். உடனே அதை எடு என்றாள். எதற்கு என்றான். எங்க அப்பாடா அது என்றாள். அதனால்தானே இவ்வளவு நன்றாக வந்திருக்கிறது, வெளியாள் யாராவது இப்படிப் பார்ப்பானா என்று அவன் பாராட்டிவிட்டு, அவள் கையை ஓங்கியதும் அழித்தான். அழித்து என்ன புண்ணியம்? பெற்றோர்கள் குரூப்பில் அதற்குள் அது இறங்கிவிட்டது. இதயத் துடிப்பை எடுத்துவிட்டு, 'நம்ம ஸ்கூல் வேன் டிரைவர், உஷார்' என்று யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள். படம் என்கிற பேச்சே அதில் இல்லை.

துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இந்த இரண்டு வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல்தடவை. வரும் சனிக்கிழமை மதியம் திரையிடல், வெளியிலிருந்து நடுவர்கள் வருகிறார்கள், அதற்குள் கிளைமாக்ஸை முடித்துவிடு என்றார். பையனைக் கொன்றது தகப்பன் என்று வை. அவ்வளவுதான். சட்டப்படி அவன் குற்றவாளியாக இருக்க மாட்டான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவனேதான் என்று காட்டினால், சட்டத்தை உடைத்த மாதிரியும் ஆச்சு.

"சார், அவர் என் அப்பா."

"படத்துல அவர் டிரைவர்." அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிரெய்லர் ஒரு வாக்குக் குடுத்திருக்கும்மா. படம் அதைக் காப்பாத்தணும்."

அவள் எழுந்து வந்தாள்.

வீட்டுக்குப் போனபோது வேன் வாசலில் நின்றது. பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவரப் போக வேண்டிய நேரம் அது. கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து மரியாதையாகச் சொல்லிவிட்டார்களாம். அப்பா சோபாவின் ஓரத்தில், விருந்தாளி உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். அம்மா எதிரே நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தன் போனை ஜன்னல் வழியாகவே நீட்டிக் காட்டியிருக்கிறாள்.

அம்மா இந்த இரண்டு வருஷத்தில் அழுதிருக்கிறாள், சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள், சாமி கும்பிடுவதை நிறுத்தி மறுபடி தொடங்கியிருக்கிறாள். ஒன்றை மட்டும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு அவனை பஸ் ஸ்டாண்டுலதான் விட்டீங்களா?"

"ஆமா."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று அம்மா காத்துக்கொண்டிருந்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். இரண்டு வருஷமாகப் போலீசுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை அது. அதற்குமேல் அவரிடம் சரக்கு இல்லை. அம்மா உள்ளே போனாள். ஒரு பையில் துணிகளை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் கொஞ்ச நாள் உன் சித்தி வீட்டில் இருக்கிறேன் என்று மகளிடம்தான் சொன்னாள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்தினாள். கோபமாக இழுத்துச் சாத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். டிரெய்லரை யார் போட்டது, ஏன் போட்டது, பின்பாதியில் என்ன வரவேண்டியிருந்தது, எல்லாம். அப்பா பொறுமையாகக் கேட்டார். சினிமா விஷயம், எனக்கு என்ன தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். முடித்ததும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"நீயும் அப்படித்தான் நெனச்சியாம்மா? அதான் அப்படி எடுத்தியா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை. ஆனால் அது கிளம்பி வருவதற்குள் ஒரு மூச்சு நேரம் தாமதமாகிவிட்டது.

"இல்லப்பா."

மௌனத்தை வைத்து மனிதர்களை எப்படி மிரட்டலாம் என்று வருஷக்கணக்காகப் படித்தவள் அவள். அந்த ஒரு மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்பா படிக்கவில்லை. அவருக்கும் புரிந்தது.

"சரிம்மா" என்று எழுந்து, அவள் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு, வேனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஓட்டுவதற்கு இல்லை. சும்மா.

படப்பிடிப்பன்று ஒத்தக்கண்ணன் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவன் கேமராமேன், எப்போதும் ஒரு கண்ணை மூடியே உலகத்தைப் பார்ப்பதால் அந்தப் பெயர். கேமரா இவ்வளவு கீழே எதற்குடி, உங்க அப்பா பூதம் மாதிரி தெரிகிறார் என்றான். திரில்லர்டா, அப்படித்தான் வைக்க வேண்டும் என்றாள். திரில்லர்தான். ஆனால் அப்பாவை அந்தக் கோணத்தில் பார்ப்பதற்கு அவளுக்குப் பழகிக்கொள்ளவே தேவைப்படவில்லையே, அது ஏன்?

அதற்குமேல் யோசிக்கப் பயமாக இருந்தது. யோசிக்காமல் இருக்க வேலை வேண்டும். அப்பாவை விடுவிக்க வேண்டுமென்றால், திரில்லரின் சட்டப்படி அதற்கு ஒரே வழி, வேறொருவனை மாட்டிவிடுவதுதான். மறுநாள் மாமாவைப் பிடித்தாள்.

அம்மாவின் தம்பி. வாழ்நாளில் கொசுவைக்கூட முறைத்தது கிடையாது. கொலைகாரன் வேஷம் என்றதும், முன்பே சொல்லியிருந்தால் மீசை வளர்த்திருப்பேனே என்று வருத்தப்பட்டார். அவரை மாடிப்படியில் உட்கார வைத்து, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழும்படி செய்து, ஒரு ஆப்பிளையும் கத்தியையும் கொடுத்து, சும்மா நறுக்குங்க மாமா, எதையும் யோசிக்காதீங்க என்றாள். மாமா எதையும் யோசிக்காமல் நறுக்கினார். மானிட்டரில் பார்த்த ஒத்தக்கண்ணன் மூடியிருந்த இன்னொரு கண்ணையும் திறந்துவிட்டான்.

மாமா வந்து எட்டிப்பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "என்னைப் பாத்தா எனக்கே பயமா இருக்கே பாப்பா" என்றார். பிறகு, இதை உன் அத்தை பார்க்கவேண்டாம், ஏற்கெனவே அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. யாரைக் கொண்டுவந்து அந்தப் படியில் உட்கார வைத்தாலும் கொலைகாரனாகிவிடுவான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரி, கத்திரி, யாராக இருந்தாலும். அப்பாவை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழியில் தள்ள இன்னொருவர் தேவை. அந்த இன்னொருவருக்கும் ஒரு வேலை இருக்கும், ஒரு மனைவி இருப்பாள். மாமாவை எடுத்ததை அவர் கண் முன்னாலேயே அழித்தாள். மாமா நன்றி சொல்லிவிட்டு ஆப்பிளைத் தின்றார்.

அப்படியானால் யாருமே குற்றவாளி இல்லாத ஒரு முடிவு வேண்டும். அப்பா அப்பாவாகத் தெரிய வேண்டும். மறுபடி ஒருமுறை வேனில் நடித்துக்கொடுங்கள், இந்தத் தடவை பகல் வெளிச்சத்தில், ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து எடுக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. இனிமே கேமரா வேண்டாம்மா என்றார், டாக்டரிடம் ஊசி வேண்டாம் என்று கேட்கும் குழந்தைபோல.

மிச்சம் இருந்தது ஏற்கெனவே எடுத்தது மட்டும். எடிட்டிங் அறையில் கத்திரியின் பக்கத்தில் உட்கார்ந்து, வேன் காட்சியின் முழு டேக்கையும் போடச் சொன்னாள். டிரெய்லரில் வந்த துண்டுகளுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று அவர்கள் இரண்டு பேருமே ஒழுங்காகப் பார்த்ததில்லை. வேண்டிய கணத்தை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவதுதான் அவர்கள் தொழில்.

பார்த்து முடித்ததும், இதை அப்படியே வைத்துவிடு, ஒரு இடத்திலும் வெட்டாதே என்றாள்.

"முழுசாவா? கிளாப் அடிக்கறதெல்லாம் தெரியுது. உன் குரல் கேக்குது. ஒண்ணுமே நடக்கலை இதுல."

"அதான் வேணும்."

எடிட்டரைக் கூப்பிட்டு வெட்டாதே என்றால் அவன் எதற்கு, ஒரு காவலாளியைக் கூப்பிட்டிருக்கலாமே என்று முனகினான். ஆனால் வெட்டவில்லை. டிரெய்லரைப் போட்டதிலிருந்து அவனும் சரியாகத் தூங்கவில்லை என்பதை அவன் கண்களே சொல்லின.

அடுத்து அவள் வீடு வீடாகப் போனாள். வேனில் வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் வீடுகள். கதவு பாதி திறந்தது, பாதியிலேயே நின்றது. யாரும் திட்டவில்லை. தப்பா நினைக்காதீங்க, எங்களுக்குக் குழந்தைதானே முக்கியம் என்றார் ஒரு தகப்பன். அதில் என்ன தப்புக் கண்டுபிடிப்பது? அவளுக்கு ஒரு குழந்தை இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். படம் என்று சொன்னதும்தான் கதவுகள் கொஞ்சம் அகலமாகத் திறந்தன. அந்த டிரெய்லர் படமா, அப்போ முடிவு தெரியுமா என்று கேட்டவர்கள் எல்லாரும் வருகிறோம் என்றார்கள். திரில்லரை யார் வேண்டாம் என்பார்கள்.

சித்தி வீட்டுக்கு போன் போட்டாள். அம்மா பேசவில்லை; சித்திதான் பேசினாள். வரச் சொல்றேன், வருவாளான்னு தெரியலை, உங்க அம்மா காலையிலிருந்து ஒரே பாத்திரத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா என்றாள்.

சனிக்கிழமை மதியம் அப்பாதான் அவளையும் கத்திரியையும் ஒத்தக்கண்ணனையும் வேனில் கொண்டுவந்து கல்லூரி வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே வாங்கப்பா என்றதற்கு, வண்டியில் இருக்கிறேன் என்றார். வெயிலில் நின்றது வேன். ஹாலுக்குள் ஏசியின் உறுமல். முன்வரிசையில் நடுவர்களும் துறைத்தலைவரும். நடுவில் பெற்றோர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு. விளக்கு அணைய ஒரு நிமிடம் இருக்கும்போது சித்தி வந்தாள். அவள் பின்னால் அம்மா. கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்தாள்.

முதல் பாதி அவள் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. அதுதான் கொடுமை. போன் மணியடித்தபோது ஒரு வரிசையே துள்ளியது. வேன் கதவு மூடியபோது யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். சீட்டைத் துடைக்கும் துணி, பழுப்புத் தண்ணீர். ஒரு தாய் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பற்றிக்கொண்டாள். துறைத்தலைவர் திரும்பி அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அப்பா நிமிர்ந்து ஹாலையே பார்த்தார். திரை கறுப்பானது.

பிறகு கிளாப் அடித்தது.

அதே வேன். ஆனால் வெளிச்சமாக இருந்தது. கேமராவை ஓடவிட்டுவிட்டு ஒத்தக்கண்ணன் கறுப்புத் துணியை ஜன்னலில் மாட்டிக்கொண்டிருந்தான். அப்பா வாளியோடு ஏறினார். ஒரு நிமிஷம் இரும்மா, பின்சீட்டில் சின்னக்குட்டி ஒண்ணு குடிச்ச சாக்லேட் பாலையெல்லாம் வாந்தி எடுத்துவைத்திருக்கிறது, அதைத் துடைத்துவிட்டு நடிக்கிறேன் என்றார். திரைக்கு வெளியேயிருந்து அவளுடைய குரல், அப்படியே துடைங்கப்பா, நல்லா இருக்கு, சிரிக்காதீங்க என்றது. அப்பா சிரிப்பை அடக்கினார். அழுத்தித் துடைங்க என்றது குரல். அழுத்தித் துடைத்தார். இப்போ டார்ச் அடிச்சு, மெதுவா, கீழே பாருங்க. அவர் குனிந்தார். ஒரு சீட்டுக்கு அடியிலிருந்து மஞ்சள் சாக்ஸ் ஒன்றை எடுத்தார். ஐயோ, இதைக் காணோம்னு நாளைக்கு அது அழுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சட்டைப்பைக்குள் வைத்தார். அப்பா, சாக்ஸ் வேண்டாம், கண்டினியூட்டி போயிடும், அடுத்த ஷாட்டோட ஒட்டாது, கீழே போட்டுடுங்க என்றது குரல். நிமிர்ந்து கேமராவைப் பாருங்க. எதையோ மறைக்கிற மாதிரி. அப்பாவுக்குப் புரியவில்லை. எதைம்மா மறைக்கணும் என்றார். எதையாவது என்றது குரல். அவர் யோசித்துப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் வெறுமனே பார்த்தார். சூப்பர்ப்பா, கட் என்றது குரல்.

வெட்டு இல்லாமல், இசை இல்லாமல், அது ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் திரையில் வேறொன்றும் வரவில்லை. பையனுக்கு என்ன ஆயிற்று என்று படம் சொல்லவில்லை.

விளக்கு போட்டார்கள்.

கொஞ்சம் பேர் கைதட்டினார்கள், தட்டலாமா என்று பக்கத்தில் பார்த்துக்கொண்டு. அது எங்க வீட்டு சாக்ஸ் என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். அவள் கணவர் சும்மா இரு என்றார். ஒருவர் எழுந்து, சரிம்மா, கடைசியில் பையனை யார் என்ன பண்ணினது என்று கேட்டார். தெரியாது என்றாள் அவள். அப்போ டிரைவர் இல்லையா என்றார். எங்களுக்குத் தெரியாது சார், யாருக்கும் தெரியாது, அதுதான் நடந்தது என்றாள். அவர் ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்தார். பின்னாலிருந்து இன்னொரு குரல், தணிவாக, ஆனால் ஹால் முழுக்கக் கேட்கும்படி:

"நல்லவன் மாதிரி காட்டறாங்கன்னாலே அவன்தான். எத்தனை படம் பாத்திருக்கோம்."

சிலர் சிரித்தார்கள்.

அவள் பயந்ததைவிட மோசமாக இருந்தது இது. அவர்கள் கண்களுக்கு அவள் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தாள். இனி எதைக் காட்டினாலும் கறுப்பாகத்தான் தெரியும். அப்பா அழுதால் நடிப்பு. சிரித்தால் திமிர். சும்மா இருந்தால் எதையோ மறைக்கிறார். துறைத்தலைவர் நடுவர்களிடம், தைரியமான முயற்சி, ஆனால் கிளைமாக்ஸ் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தேறுவதும் தேறாததும் அந்த நிமிஷம் அவளுக்கு யாரோ ஒருத்தியின் கவலையாக இருந்தது. அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே ஓடினாள். பெற்றோர்கள் வண்டி வண்டியாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வேனைத் தாண்டிப் போகும்போது எல்லாருக்கும் போனில் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது. சாக்ஸ் பெண் மட்டும் ஒரு வினாடி நின்றாள். பிறகு கணவரின் ஸ்கூட்டரில் ஏறினாள்.

அம்மா வேனின் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. சித்தி தள்ளி நின்று, தன் கைப்பையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அம்மா ஜன்னலுக்குள் பேசினாள்.

"நம்பறேன்னு சொல்ல வாய் வரலைங்க. நம்பலைன்னு சொல்லவும் வரலை. ரெண்டு வருஷமா ரெண்டுக்கும் நடுவுலயே இருந்துட்டேன். இனிமே யார் வந்து சொல்லி எனக்குத் தெரியப்போகுது."

அப்பாவின் கை சாவிமேல் போய் நின்றது.

"வண்டிய எடுங்க" என்று அம்மா முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கா?"

"வேற எங்க."

மகளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே பக்கக் கதவை இழுத்து ஏறினாள். குழந்தைகளுக்கான சீட்டு; முழங்கால் நெஞ்சில் இடித்தது. சுற்றிலும் காலியாக இருந்தன மற்ற சீட்டுகள், திங்கட்கிழமையும் காலியாகவே இருக்கப்போகிறவை. வேன் கிளம்பியது. முன்கண்ணாடிக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் அப்பாவின் கண்கள் மட்டும் ஒரு பட்டையாகத் தெரிந்தன. நெற்றி இல்லை, வாய் இல்லை. அருமையான ஷாட். அப்படித்தான் தோன்றியது அவளுக்கு, தன்னையறியாமல். அவள் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தாள். அங்கிருந்து பாதி முகம் தெரிந்தது, மீதி நிழல். அதற்கடுத்த சீட்டுக்கு நகர்ந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் கண் தானாகவே ஒரு கட்டம் போட்டு, அதற்குள் அவரைக் குற்றவாளியாக நிறுத்தியது. ஹாலில் அந்தக் குரல் சொன்னதில் என்ன தப்பு? அவளுக்கும் அதே கண்தான். அவர்களுக்கு அதை மாட்டிவிட்டவளும் அவள்தான்.

அவள் எழுந்து, சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறி முன்னால் வந்தாள். அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். இங்கிருந்து கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. நரைத்த பின்தலையும், வியர்வையில் நனைந்த சட்டைக் காலரும்தான்.

"அப்பா, அன்னிக்குக் கேட்டீங்கல்ல. இல்லன்னு பொய் சொன்னேன்." கம்பியை இன்னொரு கையாலும் பிடித்தாள். "நெனச்சேன்பா. ரொம்ப நாள் நெனச்சேன்."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை மட்டும் மடியில் இருந்த பையை இறுக்கியது. அப்பா கியரை மாற்றினார். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், தினமும் பின்சீட்டில் எழுந்து நிற்கும் பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில் சொன்னார்:

"உக்காந்து சொல்லும்மா. வண்டி ஓடும்போது நிக்கக் கூடாது."

அவள் உட்கார்ந்தாள். முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.